ஈரப் புல்வெளியில் மாடு மேயலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்க வருகிறவர்கள், மாடு வைத்திருப்பவர்கள், ஏரி குளம் காக்கக் கிளம்பிய இளைஞர்கள் என்று யாரிடம் பேசினாலும் இந்தத் தலைப்பில் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. வருகிற கோபமும் ஒன்றுதான். ஒரு தரப்பு "மாட்டை வெளியே விரட்டு" என்கிறது, மறு தரப்பு "எங்கள் பிழைப்பில் கை வைக்காதே" என்கிறது. எத்தனை மாடு, எந்த மாதம், எத்தனை நாள் என்ற மூன்றையும் பேச ஆரம்பித்தால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

ஈரப் புல்வெளி என்றால் எது? சதுப்பு நிலமும் அதுவும் ஒன்றா?

முழுக்க ஒன்றல்ல. வருடத்தில் சில மாதம் தண்ணீர் நிற்கும், மற்ற மாதங்களில் தண்ணீர் வடிந்து, மண் மட்டும் ஈரமாக இருக்க, புல்லும் கோரையும் பூச்செடிகளும் வளரும். ஆற்றோரத் தாழ்நிலங்கள் பல இப்படித்தான். இங்கிலாந்தின் கிழக்கே ஊஸ் வாஷஸ் என்றொரு இடம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் நேர்கோடாக வெட்டிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் புல்வெளி அது. குளிர்காலத்தில் ஆற்று வெள்ளத்தை அதற்குள் விட்டு நிறுத்துவார்கள். அப்போது வாத்தும் அன்னமும் வந்து இறங்கும். கோடையில் அதே இடத்தில் மாடு மேயும், கரையோரப் பறவைகள் தரையில் கூடு வைக்கும்.

புல்லை அப்படியே விட்டுவிட்டால் இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் ராஜஸ்தானில் உள்ள பரத்பூருக்குப் போக வேண்டும்.

கேவலாதேவ் என்கிற அந்த நீர்நிலை சுமார் 29 சதுர கிலோமீட்டர். அதில் தண்ணீர் நிற்கும் பகுதி மூன்றில் ஒரு பங்கு. பறவைகளுக்காக உலகமே அறிந்த இடம். 1981இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, 1985இல் உலகப் பாரம்பரியக் களம் ஆனது. அதற்கு இடையே, 1982இல், தேசியப் பூங்கா ஆனதும் உள்ளே மாடும் எருமையும் மேயக் கூடாது என்று தடை வந்தது. சுற்றிலும் இருந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் மேய்த்து வந்தார்கள். எதிர்ப்பு மோதலாக மாறி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மேய்ச்சல் பறவைகளுக்குக் கெடுதல் என்பதுதான் அன்றைய அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. அப்படி நினைத்ததில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எருமை மிதித்த சேற்றைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ஆய்வு நடத்தியது. வி.எஸ். விஜயன் அதற்குத் தலைமை தாங்கினார். ஆய்வு தொடங்கிய பிறகு தடை வந்ததால், தடைக்கு முன்பும் பின்பும் என்ன நடந்தது என்று நேரில் பார்க்க முடிந்தது. நடந்தது இதுதான். பாஸ்பலம் டிஸ்டிகம் என்கிற ஒரு நீர்ப்புல், கொடி போல ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் பாய் விரித்ததுபோல் மூடிக்கொண்டது. அதுவரை எருமைகள் தண்ணீருக்குள் இறங்கி நின்று அதை மென்றுகொண்டிருந்தன. எருமை போனதும் அந்தப் புல்லைத் தடுக்க ஆள் இல்லை. திறந்த தண்ணீர் குறைந்தது, மீன் குறைந்தது, நீர்ப்பறவைகளும் குறைந்தன. மட்கிய புல் அடியில் சேர்ந்து ஆழமும் குறைந்தது. தடையால் நன்மையை விடக் கெடுதலே அதிகம் என்று ஆய்வு சொன்னது. 1990இல் ராம்சார் அமைப்பு, ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களுக்கான மாந்த்ரோ பதிவேட்டில் கேவலாதேவைச் சேர்த்தது. தண்ணீர்ப் பற்றாக்குறையோடு, சமநிலை கெட்ட மேய்ச்சல் நிலையும் காரணமாகக் காட்டப்பட்டது.

பிறகு ஊர்க்காரர்களைப் புல் அறுத்துக்கொள்ள விட்டார்கள். நல்லதுதான். ஆனால் கதிர் அரிவாள் போகிற இடம் வேறு, எருமை போகிற இடம் வேறு. வயிறு நனைய நடுத் தண்ணீரில் நின்று நாள் முழுக்க மேய்கிற பிராணிக்கு ஈடாக ஒரு கருவியை வைப்பது எளிதல்ல.

சைபீரியக் கொக்கு அங்கே வராமல் போனதற்கும் இதுதான் காரணமா?

முழுக் காரணம் என்று சொல்லக் கூடாது. அந்தக் கொக்குகள் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்தவை. வழியிலேயே வேட்டைக்குப் பலியானவை பல. கேவலாதேவில் கடைசியாக ஒரு ஜோடி 2001-02 குளிர்காலத்தில் தங்கிப்போனது. அதற்குப் பிறகு இல்லை. அவை சேற்றுக்குள் அலகை விட்டுக் கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்னும். புல் பாய்போல் மூடிய இடத்தில் கிழங்கை எடுப்பது கஷ்டம். தங்கும் இடமும் கெட்டது என்பது வரைக்கும் சொல்லலாம்.

அப்படியென்றால் மாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் விடலாமா?

கூடாது. அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது, நெதர்லாந்தில். ஊஸ்ட்வார்டர்ஸ்ப்ளாசென் என்பது 1968இல் கடலிலிருந்து மீட்ட நிலத்தில் உருவான 56 சதுர கிலோமீட்டர் ஈரநிலம். 1980களில் அங்கே ஹெக் மாடுகளையும் கோனிக் குதிரைகளையும் கொண்டுவந்து விட்டார்கள். 1992இல் சிவப்பு மான்களையும் விட்டார்கள். எண்ணிக்கையை யாரும் கட்டுப்படுத்த வேண்டாம், இயற்கையே பார்த்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். சுற்றிலும் வேலி, உள்ளே ஓநாய் இல்லை. மந்தை பெருகிப் பெருகி, புல்வெளி மொட்டையானது. 2017-18 குளிர்காலத்தில் 3,000க்கும் மேற்பட்ட பிராணிகள் செத்தன. பெரும்பாலானவை பட்டினியில் சாவதற்கு முன் சுடப்பட்டவை. மக்கள் வேலிக்கு மேலே காய்ந்த புல் கட்டுகளை வீசினார்கள். அதற்குப் பிறகுதான் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள்.

பரத்பூரில் மேய்ச்சலை மொத்தமாக நிறுத்தினார்கள், இங்கே மந்தையின் எண்ணிக்கையில் கை வைக்கவே மாட்டோம் என்றார்கள். இரண்டு இடத்திலும் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லாமல் போனதுதான் கோளாறு.

மாடு, ஆடு, குதிரை, எருமை: எது மேய்ந்தாலும் ஒன்றுதானே?

இல்லை, வாயைப் பாருங்கள். மாட்டுக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லைச் சுருட்டிப் பிடித்துப் பிடுங்கும். அதனால் ஒட்ட மேய முடியாது. இங்கே கொஞ்சம் உயரம், அங்கே கொஞ்சம் கட்டை என்று மேடுபள்ளமாக விட்டுப்போகும். அந்த மேடுபள்ளம்தான் பறவைக்கு வேண்டியது. செம்மறி ஆடு உதட்டால் பொறுக்கித் தரையோடு ஒட்டக் கறிக்கும், பூக்களைத் தேடித் தின்னும். ஈரத்தில் குளம்பு அழுகலும் அதற்குச் சீக்கிரம் வரும். குதிரைக்கு இரண்டு வரிசைப் பல்லும் உண்டு. சில இடங்களை மொட்டையாக்கிவிட்டு, சாணம் போடுகிற இடத்தில் வாயே வைக்காது. எருமைக்கு அகலக் குளம்பு, சேறு பிடிக்கும், மாடு தொடாத முரட்டுக் கோரையையும் தின்னும். இதற்காகவே வேல்ஸ் நாட்டின் டெய்ஃபி சதுப்பில் எருமைகளை மேய விடுகிறார்கள். நம்மூர்ப் பிராணி அங்கே போய் வேலை பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

புல் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

யாருக்காக என்பதைப் பொறுத்தது. தரையில் கூடு வைக்கும் ஆட்காட்டிப் பறவைக்குச் சுற்றிலும் பார்வை தெரிய வேண்டும். நாலு விரல் உயரத்துக்கு மேல் புல் போனால் அது அந்த இடத்தை விட்டுவிடும். பவளக்காலி என்ற கரையோரப் பறவை, கட்டைப் புல்லுக்கு நடுவே ஒரு சாண் உயரக் குத்தைத் தேடி, அதற்குள் கூடு வைத்துப் புல்லை மேலே கூரைபோல் இழுத்துக்கொள்ளும். உள்ளானுக்கு உயரம் மட்டும் போதாது, நீண்ட அலகு இறங்குகிற அளவு மண் இளக்கமாக இருக்க வேண்டும். பிரிட்டனின் ஈரப் புல்வெளிகளில் வாழும் மார்ஷ் ஃப்ரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சிக்கு 8 முதல் 25 செ.மீ. வரை உயரமுள்ள கலவையான புல் வேண்டும். அங்கே ஆட்டை விட்டால் அதன் புழு தின்னும் செடியே மிஞ்சாது.

ஆக, ஒரே உயரத்தில் வெட்டிவிட்ட தரை யாருக்கும் உதவாது. இயந்திரம் வைத்துப் புல் அறுப்பதற்கும் மேய்ச்சலுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். இயந்திரம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது. ஆபத்து வந்தால் ஓடாமல் பதுங்கிக்கொள்வது குஞ்சுகளின் சுபாவம். கத்தி வரும்போதும் பதுங்கித்தான் கிடக்கும். நெதர்லாந்தில் 2015இல் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருவால் மூக்கன் அருகிப்போனதில், வசந்தத்தில் சீக்கிரமே புல் அறுப்பதற்குப் பெரிய பங்கு உண்டு.

மாடு கூட்டை மிதித்துவிடாதா?

மிதிக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஒன்றிரண்டு முட்டை போனால் போகட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள்.

ஐரோப்பிய ஆட்காட்டி நாலு முட்டை இட்டு ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புல்வெளியில் 100 கூடு, அதில் மந்தை மேய்கிறது, எந்தக் கூடாக இருந்தாலும் ஒரு நாளில் மிதிபட நூற்றில் இரண்டு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சின்ன எண்தான். 28 நாள் முடிவில் தப்பியிருப்பது சுமார் 57 கூடு. மாட்டைக் கூட்டி, வாய்ப்பு நூற்றில் ஐந்து ஆனால் தப்புவது 24. நரி, காக்கை எடுப்பது தனி. அதனால்தான் அடைகாக்கும் வாரங்களில் மாட்டின் எண்ணிக்கையை ஒன்றிரண்டு குறைப்பதுகூடப் பெரிய விஷயம்.

எந்த மாடு என்பதும் முக்கியம். பால் மாடு நிதானமாக நடக்கும், ஒரு இடத்தில் படுத்து அசைபோடும். ஒரு வயதுக் கிடாரிகள் துள்ளி ஓடும், புதிதாக எதைப் பார்த்தாலும் போய் மோந்து பார்க்கும். நெதர்லாந்தில் நடத்திய ஆய்வுகளில் இளம் மாடுகள்தான் பால் மாடுகளை விட அதிகக் கூடுகளை மிதித்தன. அங்கே தன்னார்வலர்கள் கூட்டின் மேல் இரும்புச் சட்டம் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார்கள். பறவை கம்பிகளுக்கு இடையே நுழைந்து அடைகாக்கும், மாட்டின் கால் உள்ளே போகாது.

எந்த மாதம் விட வேண்டும், எந்த மாதம் எடுக்க வேண்டும்?

இங்கிலாந்து நிலவரப்படி சொல்கிறேன். மார்ச் முதல் ஜூன் வரை கூடும் குஞ்சும் இருக்கும் காலம். அப்போது மாட்டை எடுத்துவிடலாம். புல் வேகமாக வளர்கிற இடமென்றால் ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, ஒரு மாடு என்ற அளவை மீறாமல் விடலாம். குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகு, ஜூலையிலிருந்து எண்ணிக்கையைக் கூட்டலாம். இலையுதிர் காலத்தில் நன்றாக மேயவிட்டு, குளிர்கால வெள்ளம் வருவதற்குள் புல்லைக் கட்டையாக்கி மாட்டை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். இலையுதிர் கால மேய்ச்சல்தான் அடுத்த வசந்தத்தில் ஆட்காட்டி வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. பலர் வசந்தத்தில் வந்து புல் உயரமாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறார்கள். அப்போது காலம் கடந்துவிட்டது.

இது புதிதாகக் கண்டுபிடித்த நாட்காட்டியும் அல்ல. வில்ட்ஷரில் கிரிக்லேடு ஊரின் நார்த் மெடோ என்ற புல்வெளியில் முதலில் காயவைத்துத் தீவனமாக்கப் புல் அறுப்பார்கள். ஆகஸ்ட் 12 முதல் பிப்ரவரி 12 வரை அது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். பிப்ரவரியில் மாடு வெளியேறிவிடும். இந்த ஒழுங்கு பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. ஏப்ரலில் போனால், சதுரங்கக் கட்டம் அச்சிட்டதுபோல் ஊதா நிறத்தில் தலைகுனிந்து நிற்கும் ஃப்ரிட்டிலரிப் பூக்கள் (மேலே சொன்ன பட்டாம்பூச்சிக்கும் இதே பெயர், ஆனால் இது வேறு) லட்சக்கணக்கில் பூத்திருக்கும். பூத்து, விதை முற்றி, உதிர்ந்த பிறகுதான் கத்தி வருகிறது. அப்புறம்தான் மாடு. நாள் குறித்தது ஊர் வழக்கம், பூ பிழைத்தது அதனால்.

மேய்ச்சலைச் சரிசெய்தால் போதுமா?

போதாது. தண்ணீர் முதலில், மாடு அப்புறம். புல்லை எவ்வளவு அழகாக மேயவிட்டாலும் மண் காய்ந்து இறுகிவிட்டால் குஞ்சுக்கு இரை இல்லை. இதற்காகப் புல்வெளிக்குள் ஆழமில்லாத சிறு வாய்க்கால்கள் இழுத்து, வசந்தம் முழுக்க அவற்றில் தண்ணீர் தேங்க வைப்பார்கள். அந்த ஓரச் சேற்றில்தான் குஞ்சுகள் பூச்சி பொறுக்கும். தண்ணீர் தவறான நேரத்தில் வந்தாலும் கெடுதல்தான். ஊஸ் வாஷஸில் வசந்தகால வெள்ளம் அடிக்கடி வரத் தொடங்கி, கூடுகள் மூழ்கி, அங்கே கூடு வைத்த கருவால் மூக்கன்கள் நீன் வாஷஸ் என்ற இன்னொரு ஈரப் புல்வெளிக்கு இடம் மாறின.

மாட்டுக்குப் போடும் மருந்துக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்?

சாணத்தைக் கிளறிப் பாருங்கள். வண்டும் ஈப்புழுவும் நெளியும். குஞ்சுகளுக்கும் வாலாட்டிகளுக்கும் அது சாப்பாட்டுத் தட்டு. ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்து போட்டால் அதன் மிச்சம் சாணத்தில் வந்து சாணவண்டின் புழுக்களைக் கொல்லும். மருந்து போட வேண்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, மேய்ச்சலுக்கு விடுவதற்குச் சில வாரம் முன்பே போட்டுவிடுங்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனக் மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவு அழிந்து, 2006இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்த நாடு இது. அந்தக் கதையை நாம் மறக்கக் கூடாது.

மாட்டின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஈர நிலத்தில் நத்தை வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு தொற்றும். மேட்டு நிலமும் நல்ல குடிநீரும் பக்கத்தில் இல்லாமல் மாட்டைச் சேற்றில் விடுவது அதற்குச் செய்கிற கொடுமை.

வேலிக்குச் செலவு அதிகமாகாதா?

ஈரப் புல்வெளியில் தண்ணீர் நிற்கும் வாய்க்காலே பாதி வேலி. இப்போது நார்வேயில் உருவான நோஃபென்ஸ் என்ற கழுத்துப்பட்டையும் வந்திருக்கிறது. செயற்கைக்கோள் மூலம் எல்லையைக் குறித்துவிட்டால், மாடு எல்லையை நெருங்கும்போது பட்டை ஒலி எழுப்பும், மீறினால் சிறு மின்னதிர்வு கொடுக்கும். கூடு இருக்கிற மூலையை மட்டும் இரண்டு மாதம் விலக்கிவைக்க இது உதவும். ஆனால் கூடவே ஒரு மேய்ப்பவர் இருந்தால், அவரை விடச் சிறந்த வேலி எதுவும் இல்லை.

நம்ம ஊர் ஏரி, கண்மாய்க்கு இதெல்லாம் பொருந்துமா?

நாட்காட்டி பொருந்தாது, கேள்விகள் பொருந்தும். இங்கே வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நிறையும், வலசைப் பறவைகள் வரும். பிப்ரவரிக்குப் பிறகு தண்ணீர் இறங்க இறங்க, உள்வாயில் பசும்புல் தலைகாட்டும், மாடு இறங்கும். சிவப்பு மூக்கு ஆட்காட்டி முட்டையிடுவதும் மார்ச்சிலிருந்துதான். ஆக இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்கின்றன. முழுக் கண்மாயையும் மூட வேண்டியதில்லை. ஆட்காட்டி அதிகம் கத்துகிற ஒரு மூலையை ஏப்ரல், மே இரண்டு மாதம் விட்டுவைத்தால் போதும்.

இன்னொன்று, மேய்ச்சல் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. நெய்வேலிக் காட்டாமணக்கை மாடு தொடாது. சீமைக்கருவேலத்தின் நெற்றை விரும்பித் தின்னும், ஆனால் விதை செரிக்காமல் சாணத்தோடு வந்து புது இடத்தில் முளைக்கும். நெற்று உதிர்கிற காலத்தில் கருவேலங்காட்டில் மேய்ந்த மந்தையை நேராகக் கண்மாய்க்குள் இறக்கினால், நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும்.

கூடு ஒன்று கண்ணில் பட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நின்ற இடத்தில் நில்லுங்கள். கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள். பறவை எழுந்து போன ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகும். நீங்கள் நடந்த தடத்தைப் பார்த்துக் காக்கை வரும். அடையாளம் பார்த்துக்கொண்டு விலகி, அங்கே மேய்க்கிறவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய் உள்வாயில், ஏப்ரல் மாத வெயிலில் நான் பார்த்த கூடு அது. மண் நிறத்தில் நாலு முட்டை, கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்தபடி, சுற்றிலும் சின்னச் சின்னக் கூழாங்கல். கூட்டிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு பசு புல்லைப் பிடுங்கிக்கொண்டே வந்தது. ஆட்காட்டி ஓடவில்லை. இரண்டு சிறகையும் அகல விரித்து, மாட்டின் மூக்குக்கு நேரே நின்று கத்தியது. பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்குள் மேய்க்கிற பெரியவர் நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுக்க, மாடு வலப்பக்கம் திரும்பிவிட்டது. கூட்டைச் சுற்றி மூன்று பக்கம் கருவேல முள் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"நீங்க போட்டதா ஐயா?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. ஒரு பக்கம் விட்டிருக்கேன், அது போய் வரணும்ல. இன்னும் பத்து நாள்ல பொரிச்சிரும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் மேச்சுக்கலாம்" என்றார்.